கும்மிக்கு போக ஆரம்பிச்சதும் மாத்திரைய நிறுத்திட்டேன்க்கா, தப்பா?

திருப்பூர் பக்கம் ஒரு கிராமத்துல இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க. பையனோட பழைய நோட்டுல எட்டு பக்கம் எழுதி, போட்டோ புடிச்சு அனுப்பியிருந்தாங்க. அடையாளம் தெரியற விஷயத்தையெல்லாம் எடுத்துட்டு சுருக்கமா சொல்றேன்.

வயசு 41. பனியன் கம்பெனில செக்கிங் வேலை. வீட்டுக்காரர் தறி ஓட்டறார், பொண்ணு காலேஜ் ஹாஸ்டல்ல, பையன் பிளஸ் ஒன். போன வருஷம் ஆடில இவங்க அம்மா தவறிட்டாங்க. அதுக்கப்புறம் காலைல எந்திரிக்கவே முடியல, சாப்பாடு எறங்கல, கம்பெனி பாத்ரூம்ல போய் அழுதுட்டு வந்து பீஸ் பாக்கறது, தலைவலின்னு ஸ்கேன் வரைக்கும் போய் ஒண்ணுமில்லன்னு வந்து, கடைசியா அரசு ஆஸ்பத்திரி மனநல டாக்டர் டிப்ரஷன்னு சொல்லி எஸ்சிடலோப்ரம் மாத்திரை குடுத்திருக்கார். ஏழு மாசம் சாப்பிட்டாங்க. நடுவுல புரட்டாசில ஊர் கோயில் மைதானத்துல வள்ளி கும்மி (வள்ளி முருகன் கதைய பாடிட்டே வட்டமா ஆடறது) பயிற்சி ஆரம்பிச்சிருக்கு. "பாத்துட்டு மட்டும் வந்தர்லாம்னு போனனுங்க, ஒரு பாட்டி கையப் புடிச்சு வட்டத்துக்குள்ள இழுத்து உட்டுருச்சு"ன்னு எழுதியிருக்காங்க. அன்னில இருந்து தூக்கம் வருது, பசிக்குது. தைப்பூசத்துக்கு அரங்கேற்றம். இப்ப பிரச்சனை என்னன்னா, கும்மி ஆசிரியர் "கும்மி அடிக்கறவங்களுக்கு எதுக்கு மாத்திரை"ன்னு சொல்ல, பன்னண்டு நாளா யாருகிட்டயும் சொல்லாம மாத்திரைய நிறுத்திட்டாங்க. தலை சுத்துது, தலைக்குள்ள கரண்ட் அடிக்கற மாதிரி இருக்கு, சும்மா சும்மா எரிச்சல் வருது. விழாக் கமிட்டிக்காரங்களோ "டிப்ரஷன்ல இருந்து கும்மியாலதான் மீண்டேன்னு மேடைல பேசுங்க, யூடியூப்ல போடலாம்"ன்றாங்க. மாமியார் "ஆடத் தெம்பிருக்கறவளுக்கு என்ன நோவு, எல்லாம் நடிப்பு"ன்றாங்க. வீட்டுக்காரர் கோவத்துல ஒரு நாள் "பைத்தியம்னு எழுதிக் குடுத்து டைவர்ஸ் வாங்கிருவேன்"ன்னுட்டார்.

தங்கச்சி, நீங்க கேட்ட கேள்விக்கெல்லாம் வரேன். அதுக்கு முன்னாடி நீங்க கேக்காத ஒண்ணு இருக்கு.

அந்த கிணத்து வரி

ஆறாவது பக்கத்துல "சில நாளு கிணத்து மேட்டுப் பக்கம் போனா ஒரு மாதிரி இருக்குதுக்கா"ன்னு எழுதிட்டு, அடுத்த வரியிலயே அரங்கேற்றத்துக்கு எடுத்த சேலை என்ன கலர்னு போயிட்டீங்க. நான் அங்கயே நின்னுட்டேன். நேராவே கேக்கறேன், செத்துப் போயிரலாம்னு நெனப்பு வருதா? இப்படி கேட்டா இல்லாத நெனப்பு வந்துரும்னு நம்ம ஊர்ல ஒரு பயம் இருக்கு, அப்படியெல்லாம் வராது. கேட்டாத்தான் சொல்ல முடியும்.

வருதுன்னா, இல்ல வருதா இல்லையான்னே சொல்லத் தெரியலன்னாலும் சரி, இத படிச்ச உடனே 14416க்கு போன் பண்ணுங்க. மத்திய அரசோட டெலிமானஸ் மனநல உதவி எண், எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம், காசு இல்ல. நம்ம தமிழ்நாட்டு அரசோட 104லயும் பேசலாம். சென்னைல 1986ல இருந்து இதுக்குன்னே இருக்கற சினேகா அமைப்பும் இருக்கு, 044-24640050. தனியா அந்தப் பக்கம் போகாதீங்க, தண்ணி எடுத்து உடறதா இருந்தா பையனையோ வேற யாரையாவதோ கூட்டிட்டு போங்க. வீட்ல ஒருத்தர்கிட்டயாவது சொல்லுங்க, வீட்ல முடியலன்னா அந்த பாட்டிகிட்ட சொல்லுங்க. இந்த நெனப்பு மாத்திரைய நிறுத்துனதுக்கு முன்னாடி வந்துச்சா, பின்னாடியான்னு நீங்க எழுதல. டாக்டருக்கு அது ரொம்ப முக்கியம், மறக்காம சொல்லிருங்க.

பன்னண்டு நாள்

நான் மனநல ஆலோசகர், டாக்டர் இல்ல, மாத்திரைய கூட்டவோ கொறைக்கவோ எனக்கு அதிகாரம் கெடையாது. ஆனா நீங்க எழுதியிருக்கற தலைசுத்தல், கரண்ட் அடிக்கறது, எரிச்சல் எல்லாம் இந்த வகை மாத்திரைய படக்குன்னு நிறுத்தறப்ப நிறைய பேருக்கு வர்றதுதான். நிறுத்தி ரெண்டு மூணு நாள்ல ஆரம்பிக்கும். இத பாத்துட்டு "அய்யோ அடிமை ஆயிட்டேன்"னு நெனச்சிருக்கீங்க, அது இல்ல. போதைப் பழக்கத்துல இருக்கற மாதிரி இன்னும் வேணும் இன்னும் வேணும்னு டோஸ ஏத்திட்டே போற ஏக்கம் இதுல வராது. ஏழு மாசமா ஒண்ணுக்கு பழகுன மூளைகிட்ட இருந்து ஒரே நாள்ல அத புடுங்கிட்டோம், அதுக்கு திரும்ப சமாளிச்சுக்க நேரம் வேணும், அவ்ளோதான். அதனாலதான் டாக்டருங்க கொஞ்சம் கொஞ்சமா கொறைப்பாங்க.

அதுக்காக இன்னிக்கு ராத்திரி நீங்களா ரெண்டா சேத்துப் போட்டுக்காதீங்க. நாளைக்கே டாக்டர பாருங்க, நிறுத்திட்டேன்னு மறைக்காம சொல்லுங்க, திட்டுவாரோன்னு பயமா இருந்தா சீட்டுல எழுதி நீட்டிருங்க. தூக்கத்துக்குன்னு தனியா சின்ன மாத்திரை ஏதாச்சும் இருந்து அதையும் நிறுத்தியிருந்தா, அத இன்னும் அவசரமா சொல்லணும், சிலத திடீர்னு விட்டா வலிப்பு கூட வரும்.

மனசு தெளிஞ்சதுக்கு அப்புறமும் ஆறு மாசமாவது மாத்திரைய தொடரச் சொல்றதுதான் வழக்கம், சீக்கிரம் விட்டா திரும்ப வர்ற வாய்ப்பு ஜாஸ்தின்றதால. நீங்க தெளிஞ்சது ஐப்பசிலன்னு வெச்சா இன்னும் கணக்கு முடியல. உங்க கும்மி ஆசிரியர் நல்ல மனுசனாத்தான் தெரியறார், முருகன் மேல பாரத்த போட்டு சொல்லியிருப்பார், ஆனா அவர் அடவு சொல்லித் தரட்டும், மாத்திரைய பத்தி வேண்டாம். டாக்டர் வந்து உங்களுக்கு அடவு சொல்லிக் குடுத்தா அவர் விடுவாரா?

ஆடறவளுக்கு என்ன நோவு

கால் ஒடஞ்சு கட்டுப் போட்டவங்க கட்டு பிரிச்சு தட்டுத் தடுமாறி நடந்து பழகறப்ப, "அதான் நடக்கறாளே, அப்ப எலும்பு ஒடையவே இல்ல"ன்னு யாராச்சும் சொல்வாங்களா? மாமியார் சொல்றது அதுதான். டிப்ரஷன்ல இருக்கறவங்க சிரிப்பாங்க, சீரியல் பாப்பாங்க, ஆடுவாங்க, அதுக்கப்புறம் வந்து சுவத்தப் பாத்து படுத்துக்குவாங்க. எல்லாமே நிஜந்தான். வருத்தம் என்னன்னா, இத நீங்களும் பாதி நம்பிட்டீங்க. "கும்மிலயே சரியாயிருச்சுன்னா அது சோம்பேறித்தனமாத்தான் இருந்திருக்குமோ"ன்னு எழுதியிருக்கீங்க. இல்லங்க. விடியக் காலைல எந்திரிச்சு பஸ்ஸ புடிச்சு நாள் பூரா நின்னுட்டே பீஸ் பாக்கற பொம்பளைக்கு சோம்பேறித்தனம் நாப்பது வயசுக்கு மேலதான் வருமா என்ன.

குடும்பத்துப் பொம்பள ஆடற ஆட்டமான்னும் கேட்டாங்களாமே. வள்ளி ஒயில் கும்மி ஒரு காலத்துல ஆம்பளைங்க மட்டும் ஆடுனது. மேட்டுப்பாளையம் பக்கம் கும்மி ஆசிரியர் பத்ரப்பன் ஐயா பொம்பளைங்களுக்கும் சொல்லிக் குடுத்து அந்த வழக்கத்த மாத்தினார். 2024ல அவருக்கு பத்மஸ்ரீ குடுத்தாங்க, அப்ப வயசு 87. மாமியார்கிட்ட வாக்குவாதம் பண்ண சொல்லல, உங்க தெம்புக்கு சொல்றேன்.

அப்ப கும்மி ஒண்ணுமே பண்ணலையா?

பண்ணுது, நெறையவே பண்ணுது. இந்த வேலைக்கு வந்த புதுசுல நானும் இத மதிச்சதில்ல, பொழுதுபோக்கு என்னன்னு ஃபாரத்துல கடைசி கட்டத்துல கேட்டு எழுதிக்குவேன், அவ்ளோதான். சம்சாரம் போனதுக்கப்புறம் பேச்சே நின்னு போன ஒரு பெரியவரை அவர் மகன் கூட்டிட்டு வந்தார். மூணு தடவ வந்தும் வாய் தெறக்கல, ஆனா விரல் மட்டும் என் மேஜை மேல ஏதோ தட்டிட்டே இருந்துச்சு. நாலாவது தடவ "அது என்ன தாளமுங்க ஐயா"ன்னு கேட்டேன். பாத்தா சின்ன வயசுல நோம்பிக்கு உருமி அடிச்சவர். அந்த ஒரு கேள்விக்கு முக்கா மணி நேரம் பேசினார். அன்னிக்கு எனக்குத்தான் பாடம்.

உங்க விஷயத்துக்கு வரேன். டிப்ரஷன்ல மாட்டுனவங்க "மனசு சரியானதும் வெளிய போலாம்"னு காத்திருப்பாங்க, அது அப்படி சரியாகறதில்ல, மொதல்ல ஒடம்பு வெளிய போகணும், மனசு பின்னாடி மெதுவா வரும். நாங்க இதுக்கு அட்டவணை போட்டுக் குடுப்போம், பாதிப்பேர் ரெண்டாம் நாளே விட்டுருவாங்க. உங்களுக்கு அட்டவணைய ஊரே போட்டுக் குடுத்திருக்கு. ஏழரைக்கு பாட்டு போட்டுருவாங்க, போகலன்னா மறுநாள் பாட்டி "ஏங்கண்ணு நேத்து காணம்"னு கேட்டுரும். அப்புறம் "அம்மாவ ரெண்டு நாள் முன்னாடியே ஆஸ்பத்திரிக்கு கொண்டு போயிருந்தா"ன்னு செக்கு மாடு மாதிரி ஒரே நெனப்பு சுத்திட்டு இருந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க இல்ல, கும்மில கை ஒரு கணக்கு, கால் ஒரு கணக்கு, பாட்டு மாறுனா அடவு மாறணும், அசந்தா பக்கத்து ஆள் மேல மோதணும். அந்த ரெண்டு மணி நேரம் செக்கு நிக்குது. நின்னதாலதான் ராத்திரி தூக்கம்.

இதுக்கு ஆதாரமும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தோட ஐரோப்பிய பிரிவு 2019ல கலைக்கும் ஆரோக்கியத்துக்கும் இருக்கற தொடர்ப பத்தி 3000க்கு மேல ஆய்வுகள சேத்துப் பாத்து அறிக்கை போட்டாங்க. 2018ல லண்டன்ல வந்த ஒரு ஆய்வுல பிரசவத்துக்கப்புறம் மனச்சோர்வு அறிகுறி இருந்த 134 அம்மாக்கள மூணா பிரிச்சு, ஒரு குரூப்ப மட்டும் பத்து வாரம் கூட்டமா பாட வெச்சாங்க. நடுத்தரமாவும் கடுமையாவும் இருந்தவங்கள்ல பாடுனவங்க சீக்கிரம் தேறினாங்க. கவனிங்க, சீக்கிரம் தேறினாங்கன்றதுதான் முடிவு, பாடினா மருந்து வேண்டாம்ன்றது இல்ல. பத்து வாரம் முடியறப்ப மத்த ரெண்டு குரூப்பும் தேறித்தான் இருந்தாங்க.

வீட்டுக்காரர் "யூடியூப்ப பாத்து வீட்லயே ஆடு"ன்றார். ஆடலாம், ஆனா பாட்டிக்கு எங்க போறது? 2015ல ஆக்ஸ்போர்டுல இருந்து ஒரு ஆய்வு வந்துச்சு, பாட்டு, கைவேலை, கதை எழுதறதுன்னு வகுப்பு வெச்சு ஏழு மாசம் கவனிச்சாங்க. பாட்டு வகுப்புல இருந்தவங்க மத்தவங்கள விட வேகமா ஒட்டிக்கிட்டாங்க, கடைசில பாத்தா எல்லா வகுப்புமே ஒரே அளவு நெருக்கம். அதனால கும்மிதான்னு இல்ல, நாலு பேர் திரும்பத் திரும்ப ஒரே எடத்துல ஒக்காந்து ஒயர் கூடை போட்டாலும் அது நடக்கும், கொஞ்சம் லேட்டா நடக்கும்.

இத ஏன் சொல்றேன்னா, தைப்பூசம் முடிஞ்ச மறுநாள நெனச்சு எனக்கு இப்பவே யோசனையா இருக்கு. மூணு நாலு மாசம் ராத்திரி ராத்திரி பயிற்சி, சேலை, சலங்கை, ஊரே பாக்கற மேடை, அப்புறம் மறுநாள் ஏழரைக்கு மைதானத்துல யாரும் இல்ல. நல்லா இருக்கறவங்களுக்கே அன்னிக்கு ஒரு மாதிரி இருக்கும். இப்பவே பாட்டிகிட்டயும் இன்னும் ரெண்டு பேர்கிட்டயும் பேசி வெச்சுக்குங்க, வாரத்துல ரெண்டு நாள் சும்மாவாச்சும் கூடலாம்னு.

பாட்டுக்கு நடுவுல வந்த அழுகை

இது பைத்தியமான்னு கேட்டிருக்கீங்க. வள்ளி பொறந்த வீட்ட விட்டுப் போற பாட்டு வந்தப்ப கை நின்னுருச்சு, வட்டத்த விட்டு வெளிய வந்து கோயில் பின்னாடி ஒக்காந்து தேம்பித் தேம்பி அழுதீங்க, பாட்டி ஒண்ணுமே கேக்காம சொம்புல தண்ணி கொண்டாந்து வெச்சுட்டு பக்கத்துல ஒக்காந்துச்சு. அதுக்கு நாலு பக்கம் முன்னாடிதான் எழுதியிருந்தீங்க, அம்மா எழவன்னிக்கு வந்தவங்களுக்கு காப்பி, பந்தலுக்கு காசு, பூ மாலைன்னு ஓடிட்டே இருந்தேன், ஒரு சொட்டு கண்ணீர் வரலன்னு. அன்னிக்கு வராதது இப்ப வந்திருக்கு. முந்தி ஒப்பாரி இந்த வேலைய செஞ்சுது. வட்டமா ஒக்காந்து தோள் மேல தோள் போட்டு, சொந்தம் பந்தம் பேரெல்லாம் இழுத்து, பாடத் தெரியாதவளையும் சேத்து அழ வெச்சுரும். இப்ப ஸ்பீக்கர்ல யாரோ அழறாங்க, நாம காப்பி குடுக்கறோம்.

ஒண்ணு மட்டும். இப்படி கலை எதையாவது தெறந்து விட்டுருச்சுன்னா உடனே லேசாயிரும்னு எதிர்பாக்காதீங்க. 1986ல பென்னிபேக்கர்ன்ற உளவியலாளர் மாணவர்கள நாலு நாள், நாளைக்கு 15 நிமிஷம், மனச அழுத்தற சம்பவத்த எழுத வெச்சார். எழுதி முடிச்ச கையோட அவங்களுக்கு மனசு இன்னும் கனமாத்தான் இருந்துச்சு, பலன் தெரிஞ்சது மாசக்கணக்குல அப்புறம். அதனால அழுத அன்னிக்கு ராத்திரி தனியா இருக்காதீங்க. ரெண்டு மூணு நாள் ஆகியும் கனம் எறங்கலன்னா ஆலோசகர்கிட்ட அம்மாவ பத்தி பேசுங்க, மாத்திரை வாங்கற அதே ஆஸ்பத்திரில கேட்டா இருப்பாங்க.

மேடைப் பேச்சும் டைவர்ஸ் மிரட்டலும்

மேடைல பேசாதீங்க. இப்ப வேண்டாம். நீங்க இன்னும் நடு ஆத்துல இருக்கீங்க, அதுக்குள்ள கரையேறிட்டேன்னு மைக்ல சொல்லிட்டா, நாளைக்கு ஒரு மோசமான நாள் வந்தா யாருகிட்டயும் சொல்ல முடியாம போயிரும், ஊருக்கே சரியாயிருச்சுன்னு சொன்னவளாச்சே. யூடியூப்ல போனது திரும்ப வராது, கம்பெனி சூப்பர்வைசரும் பாப்பார், பொண்ணு ஹாஸ்டல்லயும் பாப்பாங்க. அதவிட பெருசா ஒண்ணு, கூட்டத்துல ஒக்காந்திருக்கற யாரோ ஒருத்தி அன்னிக்கு ராத்திரி தன் மாத்திரைய சாக்கடைல போட்டுருவா.

சொல்லலன்னா நன்றி கெட்டவளாயிருவேனான்னு கேட்டிருக்கீங்க. ஆடறதுதான் நன்றி. "எனக்கு மைக்கப் புடிச்சா பேச வராதுங்க, ஆடறனுங்க"ன்னு சொல்லிருங்க, அதுக்கு மேல வெளக்கம் வேண்டாம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி சிகிச்சை குடுக்கறவங்க உங்க விவரத்த ரகசியமா வெக்கணும், உங்க சம்மதம் இல்லாம மீடியாவுக்கு போட்டோ கூட போகக் கூடாது. விழாக் கமிட்டி அந்தச் சட்டத்துக்குள்ள நேரடியா வராது, அதனாலதான் நீங்களே வாய் தெறந்து வேண்டாம்னு சொல்லணும்.

டைவர்ஸ் விஷயம், நான் வக்கீல் இல்ல, தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன். இந்து திருமணச் சட்டம் 13வது பிரிவுல மனநோய் ஒரு காரணமா இருக்கறது உண்மைதான். ஆனா கூட வாழவே முடியாதுன்ற அளவுக்கு கடுமையா இருக்கணும், அத கோர்ட்ல நிரூபிக்கணும், நோய் இருக்குன்றது மட்டும் போதாதுன்னு சுப்ரீம் கோர்ட் 1988லயே சொல்லிருச்சு. டிப்ரஷனுக்கு மாத்திரை சாப்பிட்டு வேலைக்குப் போய் குடும்பத்த பாக்கற பொம்பளைய "எழுதிக் குடுத்து" அனுப்பறதெல்லாம் நடக்கற காரியம் இல்ல. ஒரு வேளை நெசமாவே இழுத்தார்னா, பொம்பளைங்களுக்கு வருமானம் பாக்காம இலவச சட்ட உதவி உண்டு, 15100. வீட்ல கை நீட்டறது மாதிரி ஏதாச்சும் நடந்தா பெண்கள் உதவி எண் 181.

ஆனா உங்க கடுதாசிய ரெண்டாவது தடவ படிக்கறப்ப, அவர் வில்லனா எனக்கு தெரியல. பயந்து போன மனுசனா தெரியறார். நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து தானே சோறாக்கி உங்களுக்கு ஊட்டி விட்டதா நீங்கதான் எழுதியிருக்கீங்க, மூணாவது பக்கத்துல. ஆஸ்பத்திரிக்கு அவரையும் கூட்டிட்டுப் போங்க. டாக்டர் வாயால கேக்கட்டும். ஒரு நாள் பயிற்சிக்கும் வரச் சொல்லுங்க, திண்ணைல ஒக்காந்து பாத்துட்டுப் போகட்டும்.

இன்னொண்ணு, நீங்க போற போக்குல எழுதுனது. கூட செக்கிங்ல வேலை பாக்கற புள்ளையையும் கூட்டிட்டு வரட்டுமான்னு கேட்டதுக்கு ஆசிரியர் "பாக்கலாம் பாக்கலாம்"னு மழுப்பிட்டார்னு. ஏன் மழுப்புனார்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உங்கள தூக்கி நிறுத்துன வட்டம் அந்தப் புள்ளைக்கு மட்டும் ஏன் மூடியிருக்கணும்? உங்க ஒடம்பு சரியில்லாத நேரத்துல இதுக்கு சண்டை போடுங்கன்னு சொல்ல மாட்டேன். பாட்டிகிட்ட மட்டும் ஒரு வார்த்தை போட்டு வைங்க, கையப் புடிச்சு உள்ள இழுக்கறதுல அவங்க கை தேர்ந்தவங்கன்னு தெரியுதே.

கடைசியா முட்டி வலி. சிமெண்ட் தரைல வெறுங்கால்ல குதிச்சா வலிக்கத்தான் செய்யும், பயிற்சிய மண் தரைப் பக்கம் மாத்தச் சொல்லி கேளுங்க, உங்களுக்கு மட்டுமில்ல அங்க பாதிப்பேருக்கு வலிக்கும், வாய் தெறக்க மாட்டாங்க. வீக்கம் இருந்தா எலும்பு டாக்டர பாருங்க, நீங்களா வலி மாத்திரை வாங்கிப் போடாதீங்க, நீங்க சாப்பிடற மாத்திரையோட சில வலி மாத்திரை சேந்தா வயித்துல ரத்தம் கசியற வாய்ப்பு உண்டு. டாக்டர பாத்துட்டு வந்து ரெண்டு வரி எழுதிப் போடுங்க தங்கச்சி. சேலை என்ன கலர்னு சொல்ல வந்து பாதில விட்டுட்டீங்க, அதையும் சேத்து எழுதுங்க.